கிழக்கே இரண்டு மைலில் ஓர் ஓணான்

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருஷம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, செத்த ஓணான்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பதினோரு மாத ஒப்பந்தம். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பழைய கல்லூரி. அதன் விலங்கியல் துறையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள அறை. வாசலில் ‘மியூசியம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே கண்ணாடி பாட்டில்களில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருக்கும் பாம்பு, பல்லி, தவளை வகையறாக்கள். அதில் ஓர் அலமாரி முழுக்க ஒரே இனம். விரல் நீளமே இருக்கும், கழுத்துக்குக் கீழே விசிறி மாதிரித் தோல் மடிப்புள்ள மணல்வெளி ஓணான். புத்தகங்களில் விசிறித்தொண்டை ஓணான் என்று போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் படாளத்தில் அதற்குத் தனிப் பெயரெல்லாம் கிடையாது. ஓணான் என்றால் ஓணான். கண்டால் கல்லால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராமர் தாகம் என்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஓணானை அடிப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ராமர் படமே கிடையாது, ஏசுநாதர்தான். இருந்தாலும் ராமருக்கு நேர்ந்த அவமானத்துக்காக என் பங்குக்கு நானும் நாலைந்தை அடித்திருக்கிறேன். எனவே நேர்முகத் தேர்வில் “இந்த இனத்தோடு முன் அனுபவம் உண்டா?” என்று கேட்டபோது, உண்டு என்று சொன்னது பொய்யில்லை.

திட்டத்தின் தலைவர் எங்கள் பேராசிரியர். ஓய்வு பெற இரண்டு வருஷமே பாக்கி. யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். எதையும் முடிவாகச் சொல்லவும் தெரியாது. அவர் வாயில் எந்த வாக்கியமும் ‘இருக்கலாம்’ என்றுதான் முடியும். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்து, மழை பெய்வதாக இருக்கலாம் என்று சொல்லக்கூடியவர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

மியூசியத்தின் சாவி அட்டெண்டர் அண்ணனிடம் இருந்தது. புதுப்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. அதனால் கல்லூரிக்கு வந்து இருபது வருஷமாகப் பல்லிகளையும் ஓணான்களையும் காவல் காக்கிறார். பல்லி என்றாலே அவருக்கு உடம்பு கூசும் என்பது எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ட்யூப்லைட் ஓரமாக ஒரு வீட்டுப் பல்லி ஊர்ந்து வந்ததும் மனிதர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்புறம் இத்தனை பாட்டில்களுக்கு நடுவில் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “பாட்டில்ல கீறதுங்கல்லாம் செத்துப்போனதுமா, அதுங்க நம்மள ஒண்ணும் பண்ணாது” என்றார். உயிரோடு இருப்பதுதான் பிரச்சினை.

பாட்டில்களைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. திறந்தால் ஸ்பிரிட் ஆவியாகிவிடும். ஆகவே ஓணான்களைப் பார்க்காமலே ஓணான்களை ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு பெரிய பதிவேடு இருந்தது. தோல் அட்டை, பழுப்பேறிய தாள், மசியில் சாய்வெழுத்து. எண், இனம், கிடைத்த இடம், பிடித்தவர், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். பிடித்தவர் கட்டத்தில் எல்லாம் துரைமார்கள். குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் ‘முகாம் வேலையாள் கொண்டுவந்தது’ என்று இருக்கும். அதாவது வெயிலில் மணலில் ஓடி, புல்லில் சுருக்குப் போட்டு ஓணானைப் பிடித்தவன் வேலையாள். கூடாரத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டவர் பிடித்தவர். அந்த வேலையாள் எங்கள் ஆட்களில் ஒருவனாகத்தான் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதற்கெல்லாம் என் கம்ப்யூட்டரில் கட்டம் கொடுக்கவில்லை.

இடப் பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தின. சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு என்று தெரியும். சட்ராஸ் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அட்டெண்டர் அண்ணன்தான் அது தன் பக்கத்து ஊர் சதுரங்கப்பட்டினம் என்று சொன்னார். செவன் பகோடாஸ் என்பது மாமல்லபுரம். ஏழு கோயில் இருந்ததாம், ஆறு கடலுக்குள் போய்விட்டதாம், அதனால் அந்தப் பெயராம். இப்படி ஒவ்வோர் ஊரையும் கண்டுபிடித்து, வரைபடத்தில் அது எங்கே என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு போட வேண்டும். போட்டால் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும்.

ஒரு நாள் காலை ஒரு வரி வந்தது. ஓர் ஆண் ஓணான். கிடைத்த இடம்: செவன் பகோடாஸுக்குக் கிழக்கே இரண்டு மைல். ஆங்கிலத்தில் கிழக்குக்கு ‘ஈ’ என்று ஒற்றை எழுத்துத்தான் போட்டிருந்தது. நான் பதிவேடு சொன்னபடி புள்ளியை வைத்தேன். கம்ப்யூட்டரும் சொன்னபடி அதை வங்காள விரிகுடாவில் வைத்தது.

எங்கள் பக்கத்தில் கடல் கிழக்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எம்.எஸ்சி. தேவையில்லை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ‘ஈ’ சந்தேகத்துக்கு இடமில்லாத ‘ஈ’யாக இருந்தது.

“உள்ளது உள்ளபடியே போகட்டும்மா. நாம திருத்த ஆரம்பிச்சா, அது பதிவு இல்ல, நம்ம கருத்தாயிடும்” என்றார்.

அது சரியான கொள்கைதான். இன்றைக்கும் நான் அதை மறுக்க மாட்டேன். அட்டெண்டர் அண்ணனிடம் சொன்னபோதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவர் திரையில் அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டு, “இங்க எங்க அண்ணன் வலை போட்டுகினு இருப்பான். ஓணான் இன்னா பண்ணிகினு இருந்துச்சு?” என்று கேட்டார். பதிவேட்டில் அந்த விவரம் இல்லை என்றேன்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் உலகத்து மியூசியங்களெல்லாம் தகவல் போட்டு வைக்கும் ஒரு பெரிய இணையதளத்துக்கு எங்கள் பட்டியலும் போயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவரிடமிருந்து பேராசிரியருக்குக் கடிதம் வந்தது. மாமல்லபுரத்துக்குக் கிழக்கே நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் தீவு ஏதாவது உண்டா, அல்லது முன்பு இருந்ததா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

பேராசிரியர் அந்தக் கடிதத்தை என் முன்னால் மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை படித்து நிமிர்ந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்திய மனிதர். அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஏழு கோயில் கதையை அவரும் கேட்டு வளர்ந்தவர்தானே. மறுமாதம் கடலோர வரலாறு பற்றிய ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். நூறு வருஷத்துக்கு முன் மாமல்லபுரத்துக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டு இருந்திருக்கலாம், அதில் இந்த ஓணான்கள் வாழ்ந்திருக்கலாம், கடல்கொண்ட நிலத்தின் கடைசிச் சாட்சியாக அது இருக்கலாம் என்பது கட்டுரை. நான் ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ‘இருக்கலாம்’ வரும்போதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் ஒரு பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. இடம் போதவில்லையோ என்னவோ, எல்லா ‘இருக்கலாம்’களையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ‘கடலில் மூழ்கிய நகரில் வாழ்ந்த ஓணான்: பேராசிரியர் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு. பக்கத்தில் கடற்கரைக் கோயில் படம். ஓணான் படம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வைத்த புள்ளி அல்லவா! பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படாளத்துக்குப் போனேன். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் கடைசி வரி வரை படிப்பாள். படித்து முடித்துவிட்டு, கடலுக்குள்ளே ஓணானை யார் பார்த்தது என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை, எழுதியிருக்கிறது என்றேன்.

“யார் எழுதுனது?”

“இப்போ எழுதுனது நான்தான்” என்றேன்.

அம்மா பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

திங்கட்கிழமை நேரே அட்டெண்டர் அண்ணனிடம் போய், அந்த பாட்டிலைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். உத்தரவு இல்லாமல் முடியாது என்றவர், சற்று யோசித்துவிட்டு, அந்த வாரம் எப்படியும் ஸ்பிரிட் குறைந்த பாட்டில்களுக்கு ஊற்றி நிரப்ப வேண்டும், அப்போது திறந்துதானே ஆக வேண்டும் என்றார். ஊற்றும் வேலையை நான் செய்தால் அவருக்கும் நல்லது. புதன்கிழமை அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மூடியைத் திருகினார். நான் இடுக்கியால் ஓணானை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தேன். நிறமெல்லாம் போய், வேகவைத்த கடலைத் தோல் மாதிரி இருந்தது. பின்னங்காலில் நூலால் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது.

மசி ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால் அந்தக் காலத்திலேயே அட்டையில் பென்சிலால்தான் எழுதுவார்களாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. செவன் பகோடாஸ், இரண்டு மைல். அதோடு அட்டையில் இடம் தீர்ந்துவிட்டது. கடைசி எழுத்தை எழுதியவர் அட்டையைத் திருப்பி, ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார். அட்டையை நேராகப் பிடித்தால் அது ‘ஈ’. அவர் எழுதியது போலத் திருப்பிப் பிடித்தால், மூன்று கோடும் மேலே நிமிர்ந்து ‘டபிள்யூ’. மேற்கு. பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா அட்டையைத் திருப்பவில்லை. ஈயைத் தின்று வாழ்கிற பிராணியை ஒரே ஒரு ‘ஈ’ கடலில் தள்ளிவிட்டது.

போட்டோ எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் அட்டையை நம்பி இன்னொரு புள்ளி வைக்க எனக்கு இப்போது பயமாக இருந்தது. சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மாமல்லபுரத்துக்கு மேற்கே இரண்டு மைலில் உள்ள பூஞ்சேரி கூட்ரோட்டில் இறங்கினேன். அட்டெண்டர் அண்ணன் புதுப்பட்டினத்திலிருந்து வந்து நின்றார். வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். தனியாக அலையாதே என்று வந்துவிட்டார். பங்குனி வெயில். இடையில் ஓடும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் பொட்டல் மணல் முழுக்க மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கல்லெல்லாம் மஞ்சள் பெயின்ட்.

பத்து நிமிஷம்கூடத் தேடவில்லை. ஒரு மனைக்கல்லின் மேல் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தி, தொண்டைக்குக் கீழே அந்த விசிறியை விரித்தது. வெளிறின மஞ்சளில் நடுவே ஒரு நீலக் கோடு. மூடியது, மறுபடி விரித்தது. பதினோரு மாத வேலையில் ஒன்பதாவது மாதம் அது. அந்த இனத்தில் உயிரோடு ஒன்றைக் கவனித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சின்ன வயதில் பார்த்ததெல்லாம் குறி பார்த்தது. அடித்த நாலைந்தில் ஒன்றுகூட விசிறியை விரித்துக் காட்ட நான் நேரம் கொடுத்ததில்லை.

நான் போனை எடுத்ததும் அது கல்லிலிருந்து குதித்து, பின்னங்கால் இரண்டில் எழுந்து மனிதன் மாதிரி ஓடியது. அது அட்டெண்டர் அண்ணன் நின்ற பக்கம். அவரும் ஓடினார். அவர் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஐந்து படம் எடுத்தேன்.

பேராசிரியர் எல்லாப் படங்களையும் பார்த்தார். அட்டையின் படத்தைப் போனோடு சேர்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ‘டபிள்யூ’வாக இருக்கலாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“‘டபிள்யூ’தான்மா” என்றார்.

பிறகு, கருத்தரங்கக் கட்டுரைகள் புத்தகமாக அச்சாகிவிட்டன, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இணையதளத்துக்கு வேண்டுமானால் நீ திருத்தம் அனுப்பு என்று மெல்லச் சொன்னார். கட்டுரையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருத்தம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார்கள். பழைய பதிவை அழிப்பது அவர்கள் வழக்கமில்லையாம். திருத்தப்பட்ட விவரத்தைத் தனிப் பதிவாகச் சேர்த்துவிட்டார்களாம். திறந்து பார்த்தேன். கடலில் ஒரு புள்ளி, பூஞ்சேரிப் பக்கம் ஒரு புள்ளி. தவறைத் திருத்தப் போய் ஓணானை இரண்டாக்கியிருந்தேன்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். அந்த வருஷம் முதல் பழைய பதிவேட்டுக்குப் பதிலாக இணையதளத்துப் பட்டியலையே இருப்புப் பட்டியலாக வைத்துக்கொள்வது என்று நிர்வாகம் முடிவு செய்தது. நவீனமாக்குவதற்குத்தானே இந்தத் திட்டம். என் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து வருஷாந்தர ஸ்டாக் வெரிபிகேஷனுக்கு ஆள் வந்தது. கண்காணிப்பாளர் அம்மா ஒருவர், கையில் பட்டியல். ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தவர் ஓணான் அலமாரியில் நின்றுவிட்டார். பட்டியலில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அலமாரியில் ஒன்று குறைகிறது, எங்கே என்றார்.

அட்டெண்டர் அண்ணன் பாட்டில்களை மறுபடி எண்ணினார். இருபது வருஷத்தில் ஒரு தவளைக்கால்கூடக் குறைந்ததில்லை. குறைந்தால் மெமோ. நான் என் தவறு என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒப்பந்தப் பணியாளர் சொல்வதைப் பதிவு செய்ய முடியாது என்று அந்த அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார். ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டி வந்தேன்.

அன்றைக்கு அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். ‘இருக்கலாம்’ ஒன்றுகூட வரவில்லை. ஓணான் ஒன்றுதான், கடலில் இருப்பதாகச் சொன்னது தவறு, அதை நம்பிக் கட்டுரை படித்தது தான்தான், உண்மை தெரிந்த பிறகும் பேசாமல் இருந்ததும் தான்தான், இதில் இந்த மனிதருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று எங்கள் மூன்று பேர் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னார். அறிவியலுக்காகச் செய்ய முடியாததை அட்டெண்டருக்காகச் செய்தார்.

கண்காணிப்பாளர் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சார், அந்த ரெண்டாவது ஓணான் இருக்கா, தொலைஞ்சுபோச்சா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

“அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைம்மா.”

“அதுக்குக் கட்டம் இல்ல சார்.”

உண்மையாகவே இல்லை. இருப்பு, தொலைந்தது, உடைந்தது என்று மூன்றுதான் இருந்தன. தொலைந்தது என்று போட்டால் மெமோ. உடைந்தது என்று போட்டால் உடைந்ததைக் காட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கும் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. பட்டியலை இன்னொரு முறை பார்த்தவர், ஒவ்வொரு பதிவுக்கும் நேரே ‘இடம்’ என்று ஒரு கட்டம் இருப்பதைக் கவனித்தார். அதில் கூடுதல் ஓணானுக்கு நேரே வங்காள விரிகுடா என்று அச்சாகியிருந்தது. மியூசியத்தில் இருக்கும் இடமா, பிடிபட்ட இடமா என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அவர் இருப்பில் டிக் அடித்து, குறிப்பில் ‘பட்டியலில் கண்ட இடத்தில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியரும் போட வேண்டியிருந்தது. போட்டார்.

அவர் போனதும் நாங்கள் மூவரும் கேன்டீனுக்குப் போனோம். டீ பாதி குடித்த பிறகு பேராசிரியர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அட்டெண்டர் அண்ணன் எதற்கென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே பேராசிரியர் பேப்பருக்கு மறுப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். அது அச்சில் வரவில்லை. ஓய்வு பெறும் நாளில் நடந்த பாராட்டு விழாவில், கடல்கொண்ட நிலத்தின் ஓணானைக் கண்டுபிடித்தவர் என்றுதான் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் எழுந்து, அது தவறு என்று விளக்கினார். தன்னடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

நான் இப்போது அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். அட்டெண்டர் அண்ணன் இன்னும் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறார். வருஷா வருஷம் வெரிபிகேஷன் முடிந்த சாயங்காலம் போன் செய்வார். போன மாதமும் வந்தது. இந்தத் தடவை வந்தவர் புது ஆளாம், இளவயதாம், அந்த வங்காள விரிகுடா வரியில் நின்று கொஞ்சம் யோசித்தாராம். போன வருஷக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவரும் டிக் அடித்துவிட்டாராம்.

“எல்லாம் கரீக்டா கீதுமா” என்றார்.